மஞ்சள் படிகம் கண்ட ஆச்சாரியர்

மதுரையில் பஸ் ஏறி ராமநாதபுரம் சாலையில் கிழக்கே போனால், சிலைமானைத் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் திருப்புவனம் வந்துவிடும். வைகைக் கரையில் இருக்கும் பழைய ஊர். இந்த ஊரில் நடந்ததாகத் திருவிளையாடல் புராணத்தில் ஒரு கதை உண்டு. பொன்னனையாள் என்ற சிவபக்தை தினமும் அடியார்களுக்குச் சோறு போடுவாள். இறைவனுக்குத் தங்கத்தில் ஒரு திருமேனி செய்ய வேண்டும் என்பது அவள் ஆசை. ஆனால் கையில் காசு இல்லை. மதுரைச் சொக்கநாதர் சித்தராக வந்து, அவள் வீட்டிலிருந்த செம்பு, பித்தளை, இரும்புப் பாத்திரங்களை எல்லாம் ஒரே இரவில் தங்கமாக்கிக் கொடுத்தார். இந்தக் கதைக்கு இரசவாதம் செய்த படலம் என்று பெயர்.

ரசம் என்றதும் சோற்றில் ஊற்றிச் சாப்பிடும் ரசம் நினைவுக்கு வருகிறதா? இது அது அல்ல, பாதரசம்! வெள்ளி போல மின்னும், தண்ணீர் போல ஓடும். விரலால் பிடிக்கப் போனால் குட்டிக் குட்டி உருண்டைகளாகச் சிதறிவிடும். உலோகம்தான், ஆனால் திரவம். இதை எப்படியாவது தங்கமாக்கிவிடலாம் என்று உலகம் முழுக்கப் பல பேர் அடுப்பு ஊதியிருக்கிறார்கள். தங்கம் வந்தபாடில்லை. ஆனால் அந்த அடுப்புகளிலிருந்து வேறு பல பொருள்கள் வந்தன.

அவற்றில் இரண்டின் பெயர்கள் நம் ஊர் சித்த வைத்தியர்களுக்கு நன்றாகத் தெரியும். ஒன்று பூரம், இன்னொன்று வீரம். இரண்டும் வெள்ளை நிறம். இரண்டிலும் இருப்பவை பாதரசமும் குளோரினும் மட்டுமே. ஆனாலும் வீரம் பயங்கர விஷம், தண்ணீரில் கரையும். பூரமோ தண்ணீரில் கரைவதே இல்லை என்று சொல்லலாம். பூரத்தைத்தான் வெள்ளைக்கார டாக்டர்கள் காலமெல் என்று சொல்லி, ஒரு காலத்தில் பேதி மருந்தாக அள்ளி அள்ளிக் கொடுத்தார்கள். (பூரமும் விஷம்தான். தெர்மாமீட்டர் உடைந்து பாதரசம் சிந்தினால்கூட நீங்கள் தொடக் கூடாது. பெரியவர்களைக் கூப்பிடுங்கள்.)

அதே இரண்டு பொருள்களிலிருந்து எப்படி இரண்டு விதமான உப்பு வருகிறது? இதற்குப் பதில் பாதரச அணுக்களின் ஒரு விசித்திரப் பழக்கத்தில் இருக்கிறது. அந்தப் பழக்கம் உள்ள புது உப்பு ஒன்றைக் கல்கத்தாவில் கண்டுபிடித்த ஒரு வங்காளியின் கதையைத்தான் இந்த வாரம் படிக்கப் போகிறோம். அவர் பெயர் பிரபுல்ல சந்திர ராய்.

1861-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2-ஆம் தேதி, ஜெசோர் மாவட்டத்தில் ராருலி என்ற கிராமத்தில் பிறந்தார். இன்று அந்த ஊர் வங்காளதேசத்தில் இருக்கிறது. அப்பா ஹரீஷ் சந்திர ராய் ஜமீன்தார், புத்தகப் பிரியர். கிராமத்தில் தானே ஒரு பள்ளிக்கூடம் நடத்தியவர். பையன்கள் நன்றாகப் படிக்க வேண்டும் என்று குடும்பத்தோடு கல்கத்தாவுக்குக் குடிபெயர்ந்தார்.

கல்கத்தாவில் ஹேர் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது பிரபுல்லாவுக்குக் கடுமையான சீதபேதி வந்தது. பள்ளிக்கே போக முடியவில்லை. ஒரு வாரம், ஒரு மாதம் அல்ல, ஏறக்குறைய இரண்டு வருடம் வீட்டிலேயே கிடந்தார்! வேறு பையனாக இருந்தால் அழுதிருப்பான். இவர் அப்பாவின் புத்தக அலமாரியைக் காலி செய்ய ஆரம்பித்துவிட்டார். வரலாறு, இலக்கியம், பெரியவர்களின் வாழ்க்கைக் கதைகள் என்று ஒன்றையும் விடவில்லை. லத்தீன் மொழியைத் தானாகவே கற்றுக்கொண்டார். மின்னலைப் பற்றி ஆராய்ந்த பெஞ்சமின் பிராங்ளினின் வாழ்க்கை அவரை ரொம்பவே கவர்ந்தது. வயிற்றுக் கோளாறு மட்டும் ஆயுள் முழுக்க அவரை விடவில்லை. அளவாகச் சாப்பிடுவது, நேரத்துக்குத் தூங்குவது, தினமும் நடப்பது என்று கட்டுப்பாடாக இருந்தே 82 வயது வரை வாழ்ந்தார்.

கல்லூரியில் அலெக்சாண்டர் பெட்லர் என்ற ஆங்கிலேயப் பேராசிரியர் வேதியியல் பாடத்தைச் சோதனைகள் செய்து காட்டியே நடத்துவார். அதைப் பார்த்ததும் பிரபுல்லாவுக்கு இலக்கிய ஆசை போய், வேதியியல் ஆசை பிடித்துக்கொண்டது. 1882-இல் கில்கிறிஸ்ட் உதவித்தொகைக்கான கடினமான தேர்வை எழுதினார். இந்தியா முழுவதிலும் இரண்டே பேர் தேர்வானார்கள். ஒருவர் பம்பாய்க்காரர், மற்றவர் இவர். ஸ்காட்லாந்தில் உள்ள எடின்பரோ பல்கலைக்கழகத்துக்குக் கப்பல் ஏறினார். அங்கே 1887-இல் டாக்டர் பட்டம் பெற்றார். படிக்கும்போதே, ஆங்கிலேயர் ஆட்சியில் இந்தியாவின் நிலை பற்றிக் காரசாரமான கட்டுரை ஒன்றும் எழுதினார். ஆங்கிலேயரின் உதவித்தொகையில் படிக்கும் மாணவர், ஆங்கிலேயரைக் குறை கூறி எழுதுவதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும், பாருங்கள்!

1888-இல் ஊர் திரும்பினார். கல்கத்தாவில் இறங்கியவுடன் அவர் செய்த முதல் வேலை என்ன தெரியுமா? நண்பர் வீட்டுக்குப் போய் ஒரு வேட்டியும் சால்வையும் கடன் வாங்கிக் கட்டிக்கொண்டு, கோட்டுச் சூட்டைக் கழற்றிப் போட்டதுதான்.

ஆனால் வேலை கிடைக்கவில்லை. எடின்பரோவில் டாக்டர் பட்டம் வாங்கியவர், ஏறக்குறைய ஒரு வருடம் சும்மா இருந்தார். அப்போது அவருக்கு இடம் கொடுத்து ஆதரித்தவர் விஞ்ஞானி ஜகதீஷ் சந்திர போஸ். 1889-இல் பிரசிடென்சி கல்லூரியில் தற்காலிக வேலை கிடைத்தது. சம்பளம் 250 ரூபாய். அதே படிப்புப் படித்த ஆங்கிலேயருக்கு உயர்ந்த பதவி, உயர்ந்த சம்பளம். இது என்ன நியாயம் என்று கேட்க டார்ஜிலிங் வரை சென்று கல்வித்துறை இயக்குநரைப் பார்த்தார் ராய். அவரோ, பிழைக்க வேறு வழிகள் எத்தனையோ இருக்கின்றன, இந்த வேலையில் சேரும்படி உங்களை யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்கிற தோரணையில் பதில் சொல்லி அனுப்பிவிட்டார்.

ராய் வேலையை விடவில்லை. ஆனால் அந்த வேறு வழியையும் தேடிக்கொண்டார். எண் 91, அப்பர் சர்க்குலர் சாலையில் இருந்த தன் வீட்டிலேயே 1892-இல் மருந்து செய்ய ஆரம்பித்தார். முதலீடு சுமார் 700 ரூபாய். மருந்துக்கு வேண்டிய பாஸ்பேட் உப்பு மாட்டு எலும்பில் இருக்கிறது. எனவே மூட்டை மூட்டையாக எலும்புகளை வாங்கி வந்து மொட்டை மாடியில் காயப்போட்டார். அந்த நேரம் பார்த்து மழை! எலும்பில் ஒட்டியிருந்த சதை அழுகி, புழு வைத்து, நாற்றம் ஊரைத் தூக்கியது. காக்கைகள் எலும்பைக் கவ்விக்கொண்டு போய்ப் பக்கத்து வீடுகளில் போட்டன. சனாதன இந்துக்கள் குடியிருந்த தெரு அது. சும்மா இருப்பார்களா? சுகாதார அதிகாரியிடம் புகார் செய்வோம் என்று சண்டைக்கு வந்துவிட்டார்கள். எலும்பை ஊருக்கு வெளியே கொண்டு போய் இரவில் போட்டு எரித்தார். நள்ளிரவில் எலும்பு எரிவதைக் கண்ட போலீஸ்காரர்கள், கொலை செய்து பிணத்தை எரிக்கிறார்கள் என்று ஓடி வந்தார்களாம்! இப்படித் தொடங்கியதுதான் பெங்கால் கெமிக்கல்ஸ். இன்று அது மத்திய அரசு நிறுவனம்.

ஆனால் அந்த ஆரம்ப நாட்கள் முழுக்கச் சிரிப்பு இல்லை. கூட உழைத்த சதீஷ் சந்திர சின்ஹா ஆய்வுக்கூடத்தில் கொடிய விஷ அமிலத்தால் இறந்து போனார். தோளோடு தோள் நின்ற நண்பர் டாக்டர் அமுல்ய சரண் போஸ் 1898-இல் பிளேக் நோய்க்குப் பலியானார். ராய் தனியாளாகத் தொழிலைத் தாங்கினார்.

பகலில் கல்லூரி, மாலையில் மருந்துத் தயாரிப்பு. இதற்கு நடுவே ஆராய்ச்சி. முதலில் அவர் கையில் எடுத்தது நெய்யையும் கடுகு எண்ணெயையும்தான். கடைகளில் கலப்படம் செய்கிறார்களா என்று சோதித்துக் கட்டுரை எழுதினார். பிறகு, ரஷ்ய விஞ்ஞானி மெண்டலீவின் தனிம அட்டவணையில் காலியாகக் கிடந்த கட்டங்கள் அவர் கண்ணை உறுத்தின. அந்தத் தனிமங்களில் ஒன்றாவது நம் நாட்டுக் கனிமங்களில் ஒளிந்திருக்காதா என்று அரிய கற்களை வாங்கிச் சோதித்துக்கொண்டிருந்தார். புதுத் தனிமம் அகப்படவில்லை. அகப்பட்டது வேறொன்று.

1895-ஆம் ஆண்டு. காலமெல், அதாவது நம் பூரம் செய்வதற்கு முன்படியாக, மெர்க்குரஸ் நைட்ரேட் என்ற உப்பு அவருக்கு நிறைய வேண்டியிருந்தது. அதற்காகப் பாதரசத்தின் மீது, நீர் கலந்த குளிர்ந்த நைட்ரிக் அமிலத்தை ஊற்றி வைத்தார். அந்த உப்பு நிறமில்லாமல் வர வேண்டும். ஆனால் பாதரசத்தின் மேல் மஞ்சள் மஞ்சளாகப் படிகங்கள் படிந்திருந்தன!

இது என்ன? முதலில் அவர், காரத்தன்மை உள்ள ஏதோ ஒரு சாதாரண உப்பு என்றுதான் நினைத்தார். அடுத்த நொடியே ஒரு சந்தேகம். சுற்றிலும் இவ்வளவு அமிலம் இருக்கும்போது கார உப்பு எப்படி உண்டாகும்? வேறொருவர் என்றால் அழுக்கு என்று கழுவிக் கொட்டியிருக்கலாம். அவர் அந்தப் படிகத்தைப் பகுத்துப் பார்த்தார். அது மெர்க்குரஸ் நைட்ரைட். அதுவரை யாரும் பார்க்காத பொருள். 1896-இல் வங்காள ஆசியக் கழகத்தின் ஆய்விதழில் செய்தி வெளியானது. லண்டனில் இருந்து வரும் நேச்சர் இதழும் அதைக் குறிப்பிட்டது.

ஏன் இவ்வளவு பரபரப்பு? நைட்ரைட்டுகள் சட்டென்று சிதைந்துபோகும் குணம் உள்ளவை என்பது அப்போது எல்லோருக்கும் இருந்த எண்ணம். மெர்க்குரஸ் பாதரசமும் கொஞ்சம் ஏமாந்தால் உடைந்துவிடும் ஜாதி. நிலையில்லாத இரண்டு பேர் ஒன்று சேர்ந்து, நிலையான அழகிய படிகமாக உட்கார்ந்திருந்தார்கள்!

இப்போது அந்த விசித்திரப் பழக்கத்துக்கு வருவோம். உலோக அணுக்கள் மற்ற அணுக்களோடு சேரும்போது தங்கள் எலக்ட்ரான்களைக் கொடுத்துவிடும். எத்தனை கொடுத்தது என்பதைச் சொல்லும் எண்தான் ஆக்சிஜனேற்ற எண். பாதரச அணுவின் பையில் கொடுப்பதற்கு இரண்டு ரூபாய் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வீரத்தில் அது இரண்டையும் குளோரினுக்குக் கொடுத்துவிடுகிறது. எனவே அங்கே அதன் எண் 2. பூரத்திலும், ராய் கண்ட மஞ்சள் படிகத்திலும் ஒரு ரூபாய் மட்டுமே கொடுக்கிறது. எண் 1. அப்படியானால் மீதி ஒரு ரூபாய் எங்கே?

அங்கேதான் வேடிக்கை. ஒற்றை எலக்ட்ரானோடு தனியாக இருக்கப் பாதரச அணுவுக்குப் பிடிக்காது. அது இன்னொரு பாதரச அணுவைத் தேடிப் பிடிக்கும். இரண்டும் மீதி இருக்கும் ஒவ்வொரு ரூபாயையும் நடுவில் போட்டு, ஆளுக்கு ஒரு பக்கமாகப் பிடித்துக்கொள்ளும். இப்படி உலோகமும் உலோகமும் நேராகக் கைகோத்துக்கொள்வதை உலோக-உலோகப் பிணைப்பு என்கிறார்கள். சாதாரண உப்புகளில், உப்பளத்து உப்பிலோ மயில்துத்தத்திலோ, இந்தக் கைகோத்தல் கிடையாது. உலோக அணுக்கள் தள்ளித் தள்ளித்தான் நிற்கும். பாதரச அணு மட்டும் ஜோடி ஜோடியாக வருகிறது. ஜோடி பிரிந்தால், ஒன்று பழையபடி உருளும் பாதரசமாகிவிடும். மற்றது வீரத்தில் இருப்பதுபோல் 2 என்ற நிலைக்குப் போய்விடும். உடைந்துவிடும் ஜாதி என்று மேலே சொன்னது இதைத்தான்.

இந்த ஜோடி விஷயம் 1895-இல் உறுதியாகத் தெரியாது. 1898-இல், உப்புக் கரைசல்களை அளந்து பார்த்து, பாதரசம் இரண்டிரண்டாக இருக்கிறது என்பதற்கு ஓக் என்ற விஞ்ஞானி ஆதாரம் காட்டினார். கைகோத்திருப்பதன் அதிர்வே தெரிந்தது இன்னும் பல வருடம் கழித்து. அதற்கு வழி செய்தவர் ஒரு தமிழர்! கொஞ்சம் பொறுங்கள், சொல்கிறேன்.

ராய் தம் மஞ்சள் படிகத்தோடு நிற்கவில்லை. நைட்ரைட் குடும்பத்தையே ஒரு கை பார்த்துவிட்டார். பட்டென்று சிதையும் அம்மோனியம் நைட்ரைட்டைச் சிதையாமல் ஆவியாக்கி, 1912-இல் லண்டனில் விஞ்ஞானிகள் கூடிய சபையில் விளக்கியபோது, நோபல் பரிசு பெற்ற வில்லியம் ராம்சேவே அவரைப் பாராட்டினார். இந்த வேலையில் அவரோடு உழைத்தவர் மாணவர் நீல்ரத்தன் தர். இன்னொரு பக்கம், பழைய வடமொழிச் சுவடிகளைத் தேடித் தேடிப் படித்து, நம் முன்னோரின் வேதியியல் வரலாற்றை இரண்டு பெரிய புத்தகங்களாக எழுதினார். முதல் புத்தகம் 1902-இல் வந்தது. ரசவாதிகள் தங்கம் செய்யவில்லை. ஆனால் வடிகட்டவும், பதங்கமாக்கவும், உலோகங்களைப் பஸ்பமாக்கவும் கற்றிருந்தார்கள் என்று காட்டினார். அந்தக் கைத்திறனை மேல்சாதியினர் கீழானதாக ஒதுக்கியதுதான் நாட்டில் அறிவியல் தேய்ந்ததற்குக் காரணம் என்றும் தயங்காமல் எழுதினார்.

1916-இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தின் புதிய அறிவியல் கல்லூரியில் வேதியியல் பேராசிரியரானார். கட்டடம் எண் 92, அப்பர் சர்க்குலர் சாலை. மருந்துத் தொழில் ஆரம்பித்த வீட்டுக்கு அடுத்த எண்! மறு வருடம் அதே கல்லூரிக்கு இயற்பியல் பேராசிரியராக வந்தவர் யார் தெரியுமா? திருச்சி மண்ணில் பிறந்த சி.வி. ராமன்.

ராமன் 1928 பிப்ரவரி 28-இல் தம் புகழ்பெற்ற விளைவைக் கண்டுபிடித்தார். ஒரே நிற ஒளியை ஒரு பொருளுக்குள் செலுத்தினால், அதில் மிகச் சிறிய பங்கு நிறம் மாறி வெளியே வருகிறது. எவ்வளவு மாறுகிறது என்பதைப் பார்த்து, உள்ளே அணுக்கள் எப்படி அதிர்கின்றன என்று சொல்லிவிடலாம். 1934-இல் உட்வர்ட் என்ற ஆங்கிலேயர் மெர்க்குரஸ் நைட்ரேட் கரைசலை இந்த முறையில் சோதித்தார். ராய் செய்யப் போய் மஞ்சள் படிகம் கிடைத்ததே, அதே உப்பு! சுருள்கம்பியால் இணைத்த இரண்டு குண்டுகள் ஆடுவதுபோல, இரண்டு பாதரச அணுக்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு அதிர்வது ஒளியில் ஒரு கோடாகத் தெரிந்தது. பூரத்தின் படிகத்தை எக்ஸ் கதிரால் பார்த்தவர்களும் ஜோடியைக் கண்டிருந்தார்கள். ஒரு சென்டிமீட்டரை நாலு கோடிப் பங்கு போட்டால் ஒரு பங்கு எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவுதான் அந்த இரண்டு அணுக்களுக்கும் இடையே உள்ள தூரம்.

பாதரசத்தின் உறவினரான துத்தநாகமும் இப்படி ஜோடி சேரும் என்று ஸ்பெயின் விஞ்ஞானிகள் 2004-இல் கண்டார்கள். 2007-இல் மக்னீசியம் ஜோடியும் கிடைத்தது. காற்றும் ஈரமும் படாமல் பொத்திப் பொத்திச் செய்ய வேண்டிய பொருள்கள் அவை. பாதரசமோ திறந்த பாத்திரத்திலேயே வேலையை முடித்துவிட்டது!

உட்வர்ட் அந்தக் கோட்டைப் பார்த்தபோது ராய்க்கு 73 வயது. அப்போதும் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். ராமன் அதற்கு முந்தைய வருடமே பெங்களூருக்குப் போய்விட்டார்.

ராய் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கல்லூரிக் கட்டடத்திலேயே ஓர் அறையில் தங்கினார். ஏழை மாணவர்கள் சிலரும் அவரோடு தங்கிப் படித்தார்கள். 1921-இல் 60 வயது ஆனதும், இனி வரும் சம்பளம் முழுவதும் பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறைக்கே என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு 15 வருடம் வேலை பார்த்தார்! 1922-இல் வட வங்காளத்தில் பெருவெள்ளம் வந்தபோது, இந்த ஒல்லி மனிதர்தான் நிவாரணக் குழுவின் தலைவர். கதர் உடுத்தினார். காந்திஜி தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்திருந்தபோது, 1902-இலேயே கல்கத்தாவில் அவருக்குப் பொதுக்கூட்டம் ஏற்பாடு செய்தவர்களில் இவரும் ஒருவர். 1924-இல் இந்திய வேதியியல் கழகத்தைத் தொடங்கி, அதன் முதல் தலைவரானார்.

மேகநாத் சாஹா, சத்யேந்திர நாத் போஸ், ஞான் சந்திர கோஷ் என்று அவரிடம் படித்தவர்களின் பட்டியல் நீளம். இன்னொரு மாணவர் பிமன் பிகாரி டே, சென்னை மாநிலக் கல்லூரிக்கு வேதியியல் பேராசிரியராக வந்தார். குளித்தலையில் பிறந்த டி.ஆர். சேஷாத்ரி ஆராய்ச்சி செய்யப் பழகியது அந்த டேயிடம்தான். பின்னாளில் தாவர நிறமிகளை ஆராய்ந்து உலகப் புகழ் பெற்றார் சேஷாத்ரி. அப்படிப் பார்த்தால் சேஷாத்ரிக்கு ராய் தாத்தா முறை ஆக வேண்டும்!

1936-இல், 75-ஆம் வயதில் ராய் ஓய்வு பெற்றார். அறையை மட்டும் காலி செய்யவில்லை. ஓர் இரும்புக் கட்டில், சின்ன மேஜை, நாற்காலி, புத்தக அலமாரி. அந்த அறையிலேயே 1944-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் தேதி, மாணவர்கள் சூழ்ந்திருக்க அவர் உயிர் பிரிந்தது. எலும்பு காய்ந்த மாடியும், அறிவியல் கல்லூரியும் இருந்த அந்த அப்பர் சர்க்குலர் சாலைக்கு இப்போது ஆச்சாரிய பிரபுல்ல சந்திர சாலை என்று பெயர்.